மங்கிய விளக்கும் மலைப்பாதையும்



கார்த்திகைத் திங்கள் பிறந்ததும் கொல்லிமலையின் மாலைகள் சுருங்கிவிடுகின்றன. கதிரவன் மறைவதற்கு முன்பே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்துவந்து, மிளகுக் கொடிகளையும் காப்பித் தோட்டங்களையும் மறைத்துக்கொள்கிறது. சாலை எங்கே முடிகிறது, சரிவு எங்கே தொடங்குகிறது என்று பகலிலேயே உற்றுநோக்க வேண்டியிருக்கும்போது, இரவின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய ஓர் இரவில் எனக்கு நேர்ந்ததையும், அதன் பயனாக நான் கற்றுக்கொண்ட எளிய கைவேலை ஒன்றையும் இத்திங்கள் உங்களுக்கு எழுதுகிறேன். வண்டி விளக்கைத் துடைப்பதைப் பற்றிக் குருவானவர் எழுதுவானேன் என்று சிலர் வியக்கக்கூடும். முழுவதும் படித்தபின் அவ்வாறு கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பெரக்கரை நாட்டுச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவர் இறுதி நிலையில் இருப்பதாகச் செய்தி வந்தது. அப்போது இரவு எட்டு மணி. நோயில் பூசுதலுக்குரிய எண்ணெயையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு, உபதேசியாருடன் பங்கின் பழைய ஜீப்பில் புறப்பட்டேன். ஓட்டியவன் நானே.

அவ்வண்டியின் முகப்பு விளக்குகள் இரண்டும் பழுப்பேறியிருந்தன என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. ஆறு மாதங்களாகவே தெரியும். உபதேசியார் இருமுறை, "சாமி, ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளா போச்சுங்க, ராத்திரி ரோடே தெரியலை" என்று நினைவூட்டியிருந்தார். நானோ, "பார்ப்போம் உபதேசியாரே" என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். வெளிச்சம் போதவில்லை என்று மேலும் வலிய பல்பு ஒன்றை வாங்கி மாட்டியதோடு என் கடமை முடிந்ததாக எண்ணிக்கொண்டேன்.

வளைவொன்றைத் திரும்பும்போது உபதேசியார், "சாமி!" என்று அலறினார். பனித்திரைக்குள் இரு உருவங்கள் நின்றன: ஒரு தாயும், அவள் கையைப் பற்றிய சிறுமியும். பிரேக்கை அழுத்தினேன். ஈரச் சாலையில் வண்டி சற்றே வழுக்கி நின்றது. இறங்கிப் பார்த்தபோது, வண்டியின் முகப்புக்கும் அக்குழந்தைக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி இல்லை.

எனக்குக் கால்கள் நடுங்கின. "ஒதுங்கி நிற்கக் கூடாதா அம்மா?" என்று கேட்டேன். அப்பெண் சொன்ன விடையை நான் இன்றுவரை மறக்கவில்லை. "வண்டி வர்ற வெளிச்சம் தெரிஞ்சுதுங்க சாமி. எங்களுக்கு உங்க வண்டி தெரியுதே, உங்களுக்கும் நாங்க தெரிவோம்னு நெனச்சு நின்னுட்டோம்."

அந்தத் தாயின் எண்ணத்தில் பிழை ஒன்றும் இல்லை. எரிகிற விளக்கைக் காண்பவர், அவ்விளக்குக்குப் பின்னால் இருப்பவருக்கும் பார்வை உண்டு என்று நம்புவது இயல்பே. பிழை என்னுடையது. என் விளக்கு பிறர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் எனக்கு வழி காட்டவில்லை.

அன்றிரவு முதியவர் திருவருட்சாதனங்களைப் பெற்று, விடியற்காலையில் அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்து திரும்பிய மறுநாள், முதல் வேலையாக அந்த விளக்குகளின் முன் குந்தி அமர்ந்தேன்.

நாம் பழக்கத்தால் இதனைக் 'கண்ணாடி' என்கிறோமே தவிர, இன்றைய வண்டிகளின் முகப்பு விளக்கை மூடியிருப்பது பெரும்பாலும் கண்ணாடியன்று. பாலிகார்பனேட் எனும் ஒருவகைப் பிளாஸ்டிக். 1953-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல் என்ற வேதியியலாரும், அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டேனியல் ஃபாக்ஸ் என்பாரும், ஒருவரையொருவர் அறியாமலே இப்பொருளைக் கண்டறிந்தனர். பழைய அம்பாஸடர் காரின் வட்டமான விளக்கை நினைவிருக்கிறதா? அது மெய்யான கண்ணாடி. சிறு கல் தெறித்தால் உடையும். ஆனால் எத்தனை வெயில் காய்ந்தாலும் மஞ்சளாகாது. அமெரிக்காவில் 1983-இல் புதுவகை விளக்குகளுக்கு அரசு இசைவளித்த பின், பிளாஸ்டிக் மூடிகள் படிப்படியாக உலகெங்கும் பரவின. எடை குறைவு, எளிதில் உடையாது, விரும்பிய வடிவில் வார்க்கலாம் என்பன அதன் நன்மைகள். இன்று இருசக்கர வண்டிகளிலும் இதுவே பெருவழக்கு.

ஆனால் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. மேற்பரப்பு மென்மையானது, மண்ணும் மணலும் பட்டால் கீறல் விழும். அத்துடன், கதிரவனின் புறஊதாக் கதிர்கள் பட்டால் அதன் மூலக்கூறுகள் சிதைந்து மஞ்சளாகும். இவ்விரண்டையும் தடுக்கவே, தொழிற்சாலையில் இதன்மீது கண்ணுக்குத் தெரியாத கெட்டியான காப்புப்பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகிறார்கள். அப்பூச்சு ஆண்டுக்கணக்கில் வெயிலையும் தூசியையும் தான் தாங்கிக்கொண்டு தேய்கிறது. அது போன பிறகே பிளாஸ்டிக் கெடத் தொடங்குகிறது. நம் மலைவாழ் மக்கள் மற்றொன்றையும் அறிதல் நன்று. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. நம் மலையின் ஊர்கள் பல ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ளவை. காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் இளகியது என்று எண்ணிவிடுகிறோம். வண்டியின் விளக்கு அவ்வாறு ஏமாறுவதில்லை.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2018-இல் சோதித்துப் பார்த்தபோது, நன்கு மஞ்சளித்த விளக்குகள் புதிய விளக்கின் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே சாலைக்குத் தந்தன. மீதி ஒளி எங்கே போகிறது? ஒரு பகுதி மூடியிலேயே தடைப்படுகிறது. ஒரு பகுதி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. சிதறும் ஒளி எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்கிறது. மூடுபனியில் பட்டு நம் கண்ணுக்கே வெள்ளைத் திரையாகத் திரும்புகிறது. ஆகவேதான், நான் செய்ததுபோல் வலிய பல்பை மாட்டுவது மருந்தாகாது. மூடி மங்கியிருக்கும்போது பல்பைப் பெருக்கினால் கூச்சமே பெருகும். அத்துடன், அறுபது வாட்டுக்கென்று அமைத்த இடத்தில் நூறு வாட் பல்பை இட்டால், அதன் வெப்பத்தால் பல்புப் பிடியும் மின்கம்பியும் உருகக்கூடும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஒரு சிறு சோதனை. மங்கிய மூடியின்மீது தண்ணீரை ஊற்றுங்கள். நனைந்திருக்கும்வரை தெளிந்து, காய்ந்ததும் மீண்டும் மங்கினால், பழுது வெளிப்புறத்தில் உளது, வீட்டிலேயே தீர்க்கலாம். நீர்த்துளிகளோ ஆவியோ உட்புறத்தில் படிந்திருந்தால், வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. பின்புறத்து ரப்பர் மூடி விலகியிருக்கிறதா, ஓரத்துப் பசை விட்டிருக்கிறதா என்று பார்த்து, உள்ளே உலர்த்தி அடைக்க வேண்டும். உள்ளிருக்கும் வெள்ளிநிறப் பிரதிபலிப்புத் தகட்டைத் துணியால் துடைத்துவிடாதீர்கள். அதன் மென்பூச்சு கையோடு வந்துவிடும். பின்னர் அதனை மீட்க இயலாது.

தேவையான பொருள்கள் வருமாறு: பெயிண்டுக் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று விற்கும் தேய்ப்புத்தாள்கள், 800, 1000, 1500, 2000, 3000 என்ற எண்களில் ஒவ்வொன்று, ஒட்டுநாடா, பாத்திரம் துலக்கும் சோப்புநீர், வண்டிகளை மெருகேற்றும் காம்பவுண்டு, மென்மையான பருத்தித் துணிகள், இறுதியில் பூசுவதற்குப் புறஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிந்த காப்புப்பூச்சு. எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். புதிய விளக்கு ஒன்றின் விலையோ பெரும்பாலான வண்டிகளுக்கு ஆயிரங்களில் நிற்கும். எண் கூடக் கூடத் தாள் நைசானது என்பதை நினைவில் வையுங்கள்.

விளக்கைச் சோப்புநீரால் கழுவி, ஒட்டியிருக்கும் பூச்சிகளையும் மண்ணையும் முற்றிலும் அகற்றுங்கள். ஒரு மணல்துகள் தங்கினாலும் தேய்க்கும்போது ஆழ்ந்த கீறலாகிவிடும். சுற்றியுள்ள பெயிண்டின்மீது ஒட்டுநாடாவை இரண்டடுக்காக ஒட்டுங்கள். தாள்களைப் பத்து நிமிடம் நீரில் ஊறவையுங்கள். மஞ்சள் மிகுதியாக இருந்தால் 800-லும், குறைவாக இருந்தால் 1000-லும் தொடங்கலாம்.

தேய்க்கும்போது நீர் வற்றலாகாது. உடன் ஒருவர் நின்று சோப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது நல்லது. இந்த வேலைக்கு உபதேசியாரின் மகன் எனக்குத் துணைநின்றான். முதலில் கிடையாகத் தேய்த்தோம். மஞ்சள் நிறத்தில் பால்போன்ற நீர் வழிந்தது. சிதைந்த பழைய பூச்சு கரைந்து வருவதன் அடையாளம் அது. "சாமி, இன்னும் மோசமாயிருச்சே!" என்று பையன் பதறினான். உண்மையே, முதல் தாள் முடிந்தவுடன் மூடி உறைபனி படிந்ததுபோல் முழுவதும் வெளிறிவிடும். இவ்விடத்தில்தான் பலர் அஞ்சி நிறுத்திவிடுகிறார்கள். அஞ்ச வேண்டா. வழியும் நீர் வெண்மையாகும்வரை தேய்த்து, கழுவி, அடுத்த தாளை எடுத்துச் செங்குத்தாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல்கள் முழுவதும் மறைந்தனவா என்பது கண்ணுக்குத் தெரியும். எந்த எண்ணையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. 800-ஆம் தாளின் கீறலை 3000-ஆம் தாள் போக்காது.

3000 முடிந்ததும் மெல்லிய சீரான மங்கல் மட்டுமே எஞ்சும். துணியில் சிறிது காம்பவுண்டை எடுத்து வட்டவட்டமாக அழுத்தித் தேய்த்தால், பத்து நிமிடத்தில் உள்ளிருக்கும் பல்பு பளிச்செனத் தெரியும். இயந்திரத்தால் மெருகேற்றுவோர் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும். சூடேறினால் பிளாஸ்டிக் உருகும்.

பலர் இத்துடன் வேலை முடிந்ததாக மகிழ்ந்து எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் மிக முக்கியமான பகுதி இனிமேல்தான். நாம் பழைய காப்புப்பூச்சின் எச்சத்தையும் தேய்த்தெடுத்துவிட்டோம். இப்போது பிளாஸ்டிக் எவ்விதக் காப்புமின்றி நிற்கிறது. இப்படியே விட்டால் சில திங்களில் முன்னிலும் விரைவாக மஞ்சளாகும். ஆதலால் மூடியை எண்ணெய்ப்பசையின்றித் துடைத்து, நன்கு உலர்த்தி, தூசியும் மழையும் படாத இடத்தில் காப்புப்பூச்சை மெல்லியதாக இருமுறை பூசி, ஒரு நாள் காயவிட வேண்டும். தெளிக்கும் வகையாயின் திறந்த வெளியில், முகமூடி அணிந்து, குழந்தைகளை விலக்கிவைத்துச் செய்க. சிலவகைப் பூச்சுகளின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது. வெறும் மெழுகு பூசினால் சில வாரங்களே நிற்கும்.

குறுக்குவழிகள் சிலவும் ஊரில் வழங்குகின்றன. பற்பசையால் தேய்ப்பது அவற்றுள் ஒன்று. பற்பசையில் மெல்லிய தேய்ப்புத்துகள் இருப்பதால், இலேசான மங்கல் சற்று அகலும். ஆனால் காப்பு இல்லாமையால் விரைவில் திரும்பும். கொசுவிரட்டியைத் தெளித்துத் துடைத்தால் நொடியில் பளபளக்கும் என்பர். அது மெய்யே, எனினும் அம்மருந்து பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கிக் கரைப்பதனால் வரும் பளபளப்பு அது. சில நாளில் பிசுபிசுத்து, முன்னிலும் கேடாகும். தின்னரும் பெட்ரோலும் அறவே கூடாது. நுண்ணிய வெடிப்புகள் உள்ளே பரவிவிடும்.

செவ்வனே செய்தால் கிடைக்கும் பயன் எவ்வளவு? முன்சொன்ன சோதனையில், இவ்வாறு தேய்த்து மீட்ட விளக்குகள் புதிய விளக்கின் ஒளியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடுவரை தந்தன. இருபதிலிருந்து எழுபது பெரிய வேறுபாடு. ஆயினும் அது நூறு அன்று. வெடிப்பு விழுந்தாலோ, உள்ளிருக்கும் பிரதிபலிப்புத் தகடு கருத்துவிட்டாலோ, தயங்காமல் புதிய விளக்கை மாற்றுவதே அறிவுடைமை. வேலை முடிந்தபின் ஒளி சாலையில் சரியான இடத்தில் விழுகிறதா என்று ஒரு சுவரின் முன் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொள்க. பனியில் உயர்ஒளி வேண்டா, தாழ்ஒளியே வழிகாட்டும்.

விளக்கின் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நம் மலையில் பிறந்த மாமனிதர் ஒருவர் என் நினைவுக்கு வந்தார். மருத்துவர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அவர் பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் இருவரும் பாப்டிஸ்டு சபையின் நற்செய்திப் பணியாளர்கள். தந்தை 1929-இல் இம்மலையிலேயே காய்ச்சல் கண்டு உயிர்நீத்தார். நம் பிரிந்த சகோதரர்களாயினும் இம்மலைமக்களுக்கு அவர்கள் ஆற்றிய தொண்டை நன்றியோடு நினைப்பது நம் கடன். மகன் பால் 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். அவர் துணைவியார் மருத்துவர் மார்கரெட் பிராண்ட், தொழுநோயாளரின் கண்களைக் காப்பதில் தேர்ச்சி பெற்றவர்.

தொழுநோயால் பார்வை போவது எவ்வாறு என்று அறிவீர்களா? இமையை இயக்கும் நரம்பு கெடுகிறது. கருவிழியின் உணர்ச்சியும் மழுங்குகிறது. தூசி விழுந்தாலும் உறுத்துவதில்லை. உறுத்தாததால் இமை கொட்டுவதில்லை. இமை கொட்டாததால் விழி உலர்ந்து, கீறி, வெண்மை படர்ந்து மங்குகிறது. மெல்லும் தசையின் ஒரு பட்டையை இமையோடு இணைத்து, வாயை அசைக்கும்போதெல்லாம் இமை மூடுமாறு செய்யும் அறுவை முறையை மருத்துவர்கள் கையாண்டனர். நாம் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை எண்ணாமலே இமைக்கிறோம். ஒவ்வோர் இமைப்பும் கண்ணின் மூடியைக் கழுவித் துடைத்து ஈரப்படுத்தும் சிறு ஊழியம். அவ்வூழியம் நின்றால் கண்ணின் உட்பகுதி நலமாயிருந்தாலும் இருளே சூழும்.

நம் ஆண்டவர் கண்ணையே உடலின் விளக்கு என்று கூறியதன் பொருள் எனக்கு அந்த ஜீப்பின் முன் அமர்ந்திருந்தபோது புதிதாக விளங்கிற்று. என் வண்டியில் பல்பு அணையவில்லை, மின்கலம் தளரவில்லை, ஒளி உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. திருமுழுக்கில் நாம் பெற்ற ஒளியும் எளிதில் அணைந்துவிடுவதில்லை. பாஸ்குத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியை ஞானப்பெற்றோர் நமக்காகக் கையில் ஏந்தினார்களே, அவ்வொளி நம்முள் இருக்கிறது. ஆயினும் நாள்தோறும் படியும் சிறுசிறு தூசிகள் உள. ஒருநாள் விட்ட குடும்பச் செபம், தீர்க்காமல் வைத்த மனத்தாங்கல், அண்டை வீட்டாரிடம் பேசாமல் போன பேச்சு ஆகியவற்றுள் எதுவும் தனித்து நம்மைக் குருடாக்குவதில்லை. ஒரேநாளில் எந்த விளக்கும் மஞ்சளாவதும் இல்லை. அதனாலேயே நாம் உணர்வதில்லை. வெளிச்சம் குறைந்தது என்று தோன்றும்போதும், தேய்த்துத் துலக்காமல், மேலும் வலிய பல்பைத் தேடுகிறோம்: மேலும் ஓர் நேர்ச்சை, மேலும் ஓர் ஆடம்பரத் திருவிழா. அவை தீயன அல்ல. ஆனால் ஒப்புரவுக்கு ஈடாகா.

நம் பிள்ளைகளோ அந்தப் பெரக்கரை நாட்டுத் தாயைப்போல் நிற்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் பூசைக்குப் போகிறார்கள், செபமாலை சொல்கிறார்கள். அவர்கள் ஒளி நமக்குத் தெரிகிறது. ஆகவே அவர்களுக்கும் நாம் தெரிவோம், நம் துன்பம் தெரியும் என்று நம்பி, நாம் வரும் வழியிலேயே நிற்கிறார்கள். அவர்களை நாம் காண்கிறோமா? குருவாகிய நானும் என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது. ஆறு திங்களாக உபதேசியார் சொன்னதைக் கேளாதவன், வேறு எவரெவர் சொன்னதையெல்லாம் கேளாமல் விட்டேனோ?

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகிறது. நள்ளிரவுத் திருப்பலிக்கு மலையிலும் சமவெளியிலும் எத்தனையோ குடும்பங்கள் இருளில் வண்டியேறும். காரவள்ளியிலிருந்து மேலேறும் எழுபது கொண்டையூசி வளைவுகளில் வருவோர் உண்டு. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதை மறவாதீர். அதற்கு முன்னுள்ள ஒரு ஞாயிறு பிற்பகலில், நம் இளைஞர்கள் கூடி, பங்கிலுள்ள ஆட்டோக்கள், இருசக்கர வண்டிகள், சரக்கு வண்டிகளின் விளக்குகளைத் துலக்கித் தரலாகாதா? ஒரு வண்டிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும். சமயம் பாராமல் எல்லார் வண்டிக்கும் செய்யுங்கள். சாலையில் நடப்பவர் எச்சமயத்தவர் என்று விளக்கு கேட்பதில்லை. அவ்வாரமே நீங்களும் ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகுங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தால் நான் மிக மகிழ்வேன்.

அச்சிறுமி இப்போது வளர்ந்துவிட்டாள். வழியில் என்னைக் காணும்போதெல்லாம் சிரித்துக் கைகூப்புகிறாள். அவளுக்கு அந்த இரவு நினைவில்லை. எனக்கு இருக்கிறது. வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் துணியை எடுத்து விளக்கைத் துடைக்கிறேன். துடைக்கும்போது அவளுக்காக ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லுகிறேன்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், உங்கள் வழிப்பயணங்களையும், அவ்வழிகளில் உங்களை நம்பி நிற்பவர்களையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத்தந்தை